மாத்திரைச் சீட்டுக்குப் பின் என்ன? மனநல செவிலியமும் சமூக மனநலப் பராமரிப்பும்: ஓர் எளிய அறிமுகம்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சில வாரங்கள் தங்கிச் சிகிச்சை பெற்ற ஒருவர், தேறி வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு மாதத்துக்கான மாத்திரைகளும், அடுத்து வரவேண்டிய தேதி எழுதிய சீட்டும் இருக்கின்றன. அவருடைய வீடு ஏற்காட்டுக்கும் அப்பால், சேர்வராயன் மலையின் உள்கிராமம் ஒன்றில் இருக்கிறது. அடுத்த மாதம் அந்தத் தேதியில் திரும்பி வருவதற்கு, அவர் காலையில் கிடைக்கும் முதல் பேருந்தைப் பிடித்து ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கி, சீட்டுப் போட்டு, வரிசையில் காத்திருந்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் மறுபடியும் மலையேற வேண்டும். அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். "இப்போதுதான் நன்றாக இருக்கிறானே" என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டால் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போகும், பிறகு இன்னொரு வாரம் தள்ளிப்போகும், மாத்திரை நின்றுபோகும், சில மாதங்களில் நோய் திரும்பும். மனநலச் சிகிச்சை முறிந்துபோவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அதை நிரப்புவதற்காக வளர்ந்ததே சமூக மனநலப் பராமரிப்பு; அதில் அன்றாடம் உழைப்பவர்களில் முக்கியமானவர் மனநல செவிலியர்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 விழுக்காடு வரை சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பதால் மட்டும் இந்த நிலை மாறிவிடாது. சிகிச்சை இருக்கும் இடத்துக்கும் அது தேவைப்படுபவருக்கும் நடுவில் யாராவது ஒருவர் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

செவிலியரின் கருவி

அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியரின் வேலை கண்ணுக்குத் தெரியும். கட்டு மாற்றுவார், குளுக்கோஸ் ஏற்றுவார், தையல் பிரிப்பார். மனநலப் பிரிவிலும் ஊசி, மாத்திரை, ரத்த அழுத்தம் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே முதன்மையான கருவி செவிலியரே. அவருடைய பார்வை, பேச்சு, பொறுமை, ஒருவர் அருகில் பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்த பழக்கம் ஆகியவையே சிகிச்சையில் பாதி. 1950களில் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க செவிலியர் இதை ஒரு முறையான கோட்பாடாக வகுத்தார். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு அறிமுகத்தில் தொடங்கி, சேர்ந்து உழைப்பதில் வளர்ந்து, நோயாளி தன் காலில் நிற்கும்போது விலகுவதில் முடிய வேண்டும் என்பது அதன் சாரம். உலகெங்கும் மனநல செவிலியப் பாடத்தில் இது இன்றும் அடிப்படையாக இருக்கிறது.

பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், நோயாளி அறைக்குள் நுழைவதிலிருந்தே குறித்துக்கொள்ளத் தொடங்குகிறார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போடப்பட்டிருக்கின்றனவா, குளித்து எத்தனை நாள் இருக்கும், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது, பேச்சு ஒரு பொருளில் நிற்கிறதா தாவுகிறதா, யாரும் இல்லாத மூலையை அடிக்கடி திரும்பிப் பார்க்கிறாரா, இன்று என்ன கிழமை என்று தெரிகிறதா, தனக்கு உடம்பு சரியில்லை என்று அவரே நினைக்கிறாரா என்பனவெல்லாம் அதில் அடங்கும். இவற்றைப் பதிவேட்டில் எழுதும் விதமும் ஒரு திறமை. "நோயாளி குழப்பமாக இருக்கிறார்" என்று எழுதினால் அடுத்த பணிநேரத்தில் வருபவருக்கு ஒரு பயனும் இல்லை. "சாதத்தில் விஷம் கலந்திருக்கிறது என்று மூன்று முறை சொன்னார், தட்டைத் தொடவில்லை, தாயார் கொடுத்த வாழைப்பழத்தை மட்டும் தானே உரித்துச் சாப்பிட்டார்" என்று எழுதினால், நோயின் தன்மையும் புரியும், அவரை எப்படிச் சாப்பிட வைப்பது என்பதும் புரியும். தோல் உரிக்க வேண்டிய பழம், முழு முட்டை, பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் ஆகியவற்றில் யாரும் எதையும் கலக்க முடியாது என்று அவருக்கே தெரிவதால், அச்சத்தோடு வாதாடாமலே பசியை ஆற்ற முடிகிறது.

வாதாடாமல் இருப்பது மனநல செவிலியர் முதலில் கற்க வேண்டிய பாடம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் உள்ள ஒருவர், தன்னைத் திட்டும் குரல்கள் கேட்பதாகச் சொல்கிறார். "அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா இரு" என்று வீட்டார் அடக்குவார்கள். "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று சிலர் சமாதானத்துக்காகச் சொல்வார்கள். இரண்டும் தீங்கு செய்யும். "எனக்கு அந்தச் சத்தம் கேக்கலைங்கண்ணா. ஆனா உங்களுக்குக் கேக்குது, அதுல நீங்க பயந்துபோய் இருக்கீங்கன்னு தெரியுது. ராத்திரில அதிகமா இருக்குதுங்களா?" என்று கேட்பதுதான் முறை. பொய்யும் சொல்லவில்லை, அவருடைய துன்பத்தைத் தள்ளிவிடவும் இல்லை. அந்தக் குரல் தன்னையோ பிறரையோ துன்புறுத்தச் சொல்லிக் கட்டளை இடுகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பொறுத்துத்தான் உடனடிப் பாதுகாப்பு முடிவாகும்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பதும் இப்படித்தான். வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று படித்தவர்கள்கூட அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. "இவ்வளவு கஷ்டத்துல, உயிரோட இருக்க வேணாம்னு தோணுச்சாம்மா?" என்று ஒருவர் பரிவோடு கேட்டதும் அழுது தீர்த்துவிட்டு உதவியை ஏற்றுக்கொள்பவர்களே அதிகம். அத்தகைய எண்ணம் உள்ளவரைத் தனியே விடாமல் இருப்பதும், தோட்டத்துப் பூச்சிமருந்தையும் வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளையும் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுப்பதும், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போவதும் அடுத்தடுத்துச் செய்ய வேண்டியவை.

முதலில் உடலைப் பார்க்க வேண்டும்

திடீரென்று ஒருவர் உளறுகிறார், ஆட்களை அடையாளம் தெரியவில்லை, இரவில் மோசமாகிறது என்றால், அதை மனநோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் காய்ச்சல் இருக்கிறதா, சர்க்கரை இறங்கிவிட்டதா, தலையில் அடிபட்டதா, சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க வேண்டும். முதியவர்களிடம் இது மிக முக்கியம். உடல் நோயால் வரும் இத்தகைய குழப்பம் சில மணி நேரங்களிலோ சில நாட்களிலோ தொடங்கி, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் காணப்படும். அதற்கான சிகிச்சை பொது மருத்துவப் பிரிவில் இருக்கிறது.

நம் பகுதியில் அடிக்கடி கவனிக்கத் தவறும் ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர், கார்த்திகை மாதம் பக்தியோடு மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் குடியை நிறுத்துகிறார். முதல் நாளே கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் வருகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், சிலர் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லித் தட்டிவிடுவார்கள், யாரோ கூப்பிடுவதாக எழுந்து ஓடுவார்கள். வீட்டார் இதைச் சாமி குற்றம் என்று நினைத்து மறுபடியும் கோயிலுக்கு அழைத்துப்போவார்கள். இது குடியை நிறுத்தியதால் வரும் ஆபத்தான நிலை. உடனே 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனையில் சேர்த்தால் சில நாட்களில் குணமாகிவிடும், காலம் தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அங்கே தயாமின் என்ற வைட்டமின் ஊசியையும் உடன் போடுவார்கள். அது மூளையைக் காக்கும். விரதம் இருக்க நினைப்பது மிக நல்ல எண்ணம். அதிகமாகக் குடிப்பவர் மாலை போடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மருந்தின் துணையோடு நிறுத்தினால் அந்த விரதம் நிறைவேறும், குடியும் விடும்.

பிரசவித்த தாய்மார்களும் இந்த வரிசையில் வருவார்கள். குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரங்களில் தாய் தூங்காமல் பரபரப்பாக இருந்தாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினாலோ, அது பேறுகாலத்துத் தீவிர மனநோயாக இருக்கலாம். அவசர நிலை அது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு எப்படியும் போய் வருகிற கிராம சுகாதார செவிலியர்தான் இதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர்.

மருந்தும் செவிலியரும்

மருந்தை எழுதுபவர் மருத்துவர். அந்த மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை நாள்தோறும் பார்ப்பவர் செவிலியர். மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில், சில இளைஞர்களுக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் விழிகள் மேலே செருகிக்கொள்ளும், நாக்கு தடித்ததுபோல் பேச்சு குழறும். பார்ப்பவர்கள் நடுங்கிப்போய், மருந்து உள்ளே இருந்ததைச் சீண்டிவிட்டது என்று மந்திரிக்க ஓடுகிறார்கள். உண்மையில் இது தசை இறுக்கம். மருத்துவமனையில் அதற்கான ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். இந்த ஒன்றை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், மருந்தைப் பாதியில் விட்டு ஓடும் பல குடும்பங்களைத் தடுத்துவிடலாம். இன்னொரு பக்கவிளைவு, ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால்கள் பரபரப்பது. நோய் முற்றுகிறது என்று தவறாக எண்ணி மருந்தின் அளவைக் கூட்டினால் அது இன்னும் மோசமாகும் என்பதால், "மனசு பரபரன்னு இருக்குதா, இல்ல காலு மட்டும் நிக்க மாட்டேங்குதா?" என்று செவிலியர் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் வயிற்றுப் புரட்டல் போன்ற தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். இந்த முன்பின் புரியாததால்தான் பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடர வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

லித்தியம் தனியாகச் சொல்ல வேண்டிய மருந்து. மனம் எல்லை மீறி எழுவதும் பின் ஆழ்ந்து சோர்வதுமாக மாறிமாறி வரும் இருதுருவ நோயில் அது மிகுந்த பயன் தரக்கூடியது. பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால், கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். சேலத்தின் கோடையில், ஜவ்வரிசி ஆலையின் உலர்களத்தில் வெயிலில் நின்று வேலை செய்பவர் வியர்வையில் நீரையும் உப்பையும் இழக்கும்போது உடலில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். வாந்தி, பேதி வந்தாலும் இதே கதைதான். உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்றவையும் அளவை ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடுதலாவது, நடை தள்ளாடுவது, வாந்தி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் மாத்திரையைப் போடுபவருக்கு வேறு எச்சரிக்கை: காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை தேவை, ஏனெனில் அம்மருந்து சிலருக்கு வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும், தொடக்கத்தில் வாரம் ஒரு முறை அதைப் பரிசோதிப்பதும் இதனால்தான். மலச்சிக்கலையும் அதில் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தினமும் மாத்திரை போடுவது இயலாதவர்களுக்கு, ஃப்ளூபெனசின் போன்ற நீண்டநாள் வேலை செய்யும் ஊசியை இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒரு முறை போடலாம். மலைக்கிராமங்களுக்கு இது பெரிய வரம் என்பது என் கருத்து. ஆனால் ஊசி போடும் அந்தச் சில நிமிடங்களோடு சந்திப்பு முடிந்துவிடக் கூடாது. எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றையும் அதே நேரத்தில் பார்த்துவிட வேண்டும். ஒலான்சபின் போன்ற மருந்துகள் எடையைக் கூட்டுகின்றன. கடுமையான மனநோய் உள்ளவர்கள் இதய நோயாலும் சர்க்கரையாலும் மற்றவர்களைவிட முன்னதாகவே இறக்கிறார்கள். மனநோயாளி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் அவருடைய நெஞ்சுவலியை யாரும் காது கொடுத்துக் கேட்காமல் போவதும் இதற்கு ஒரு காரணம்.

மருத்துவமனையிலிருந்து ஊருக்கு

நம் மாநிலத்தில் மனநலப் பராமரிப்பின் வரலாறு நீண்டது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794 வரை பின்னோக்கிப் போகிறது. அக்காலத்து முறை, நோயாளியை ஊரிலிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பது. 1950களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளிகளோடு குடும்பத்தாரையும் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சை செய்தார்; வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினரை உடன் தங்கவைக்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பத்தை வெளியே நிறுத்தாமல் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது இந்திய மனநல மருத்துவம் உலகுக்குக் காட்டிய வழி என்றே சொல்லலாம். 1970களில் பெங்களூருவுக்கு அருகே சக்கலவாராவில் கிராமப்புற மனநலப் பணி தொடங்கியது. 1982ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பெல்லாரி மாவட்டத்தில் நடத்திப் பார்த்த மாதிரியின் அடிப்படையில் 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டம் அதில் சேர்ந்தது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்கு வழி காட்டியது.

மாவட்ட மனநலத் திட்டம் என்பது எளிமையான ஏற்பாடு. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் அடங்கிய குழு, குறித்த கிழமைகளில் வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் சென்று நோயாளிகளைப் பார்க்கும். அங்குள்ள மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுக்கும். நோயாளி தேடி வருவதற்குப் பதில் சிகிச்சை அவருக்கு அருகில் போகிறது. இந்த ஏற்பாட்டில் கிழமை தவறாமை உயிர்நாடி. இரண்டு முறை குழு வராமல் போனால், மூன்றாம் முறை நோயாளி வரமாட்டார்.

ஒரு வீட்டுச் சந்திப்பு

வீட்டுச் சந்திப்பு எப்படி இருக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். இதில் வரும் ஆட்கள் கற்பனை. நடப்பது பல வீடுகளில் நடப்பது. சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பு. மனச்சிதைவு நோயிலிருந்து தேறிவரும் 26 வயது இளைஞர், அவருடைய தாயார். கிராம சுகாதார செவிலியரோடு மனநல செவிலியர் வருகிறார். அக்கம்பக்கத்து வீடுகளிலும் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வருகிறார்கள். ஒரு வீட்டு வாசலில் மட்டும் வந்து நின்றால், அந்த வீட்டுக்கு ஊரில் ஒரு பெயர் விழுந்துவிடும். நோயாளியின் செய்தி வெளியே கசியாமல் காப்பது சட்டப்படியும் செவிலியரின் கடமை.

"வாங்க சிஸ்டர், உக்காருங்க. மாத்திரையெல்லாம் தவறாம குடுத்துட்டுத்தான் இருக்கேன்" என்கிறார் தாயார். செவிலியர் முதலில் இளைஞரிடம் பேசுகிறார். "தம்பி, எப்படி இருக்கீங்க? ராத்திரி தூக்கம் வருதா?" தன்னை விட்டுவிட்டுத் தாயிடம் மட்டும் பேசினால், எந்த வயதினருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். பிறகு மாத்திரை அட்டைகளைப் பார்க்கக் கேட்கிறார். இரவுக்கு ஒன்று வீதம் 30 மாத்திரைகள் கொடுத்து 25 நாட்கள் ஆகின்றன. 5 இருக்க வேண்டிய இடத்தில் 12 இருக்கின்றன. ஏழு நாட்கள் விட்டுப்போயிருக்கின்றன.

இந்த இடத்தில் "ஏன் பொய் சொன்னீர்கள்" என்ற தொனி வந்தால் அடுத்த முறை அட்டையே கண்ணில் படாது. "பரவால்லீங்கம்மா, எல்லார் வீட்டுலயும் விட்டுப்போறதுதான். எந்த நாள்ல விட்டுப்போகுது?" என்று கேட்கிறார். தாயார் தயங்கிச் சொல்கிறார்: "பழம் எடுக்குற சீசனுங்க. ராத்திரி பத்து மணிக்குப் போட்டா காலையில எந்திரிக்கவே மாட்டேங்கறான். நேரத்துக்குப் போகலைன்னா மேஸ்திரி சத்தம் போடறார். அதான் வேலை இருக்குற நாள்ல நானே விட்டுர்றேன்."

பிரச்சினை அக்கறையின்மையும் இல்லை, மூடநம்பிக்கையும் இல்லை. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தின் கூலியும், காலை வரை நீடிக்கும் தூக்கமும்தான். செவிலியர் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு ஏழு மணிக்கே கொடுக்கலாம் என்ற ஒப்புதலைப் பெறுகிறார். அடுத்த சந்திப்பையும் அறுவடைக் கூலி நாளில் வராதபடி குறிக்கிறார். போகும்முன் இளைஞரை எடை பார்க்கிறார், கைகளை நீட்டச் சொல்லி நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார், வாசல் வரை நடக்கச் சொல்லிக் கைவீச்சைக் கவனிக்கிறார். தாயாரிடம், "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்றும் கேட்கிறார். பராமரிப்பவர் சோர்ந்து விழுந்தால் பராமரிப்பே நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

குடும்பமும் வேலையும்

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950களில் தொடங்கி நடத்திய ஆய்வுகள், மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வீடு திரும்புபவர்களில், ஓயாத குறைகூறலும் அளவு மீறிய தலையீடும் உள்ள வீடுகளுக்குப் போனவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று காட்டின. குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வீட்டுச் சூழல் நோயின் போக்கை மாற்றக்கூடியது என்பதே செய்தி. நம் வீடுகளில் "சும்மா தின்னுட்டுத் தூங்குறான்" என்ற சொல்தான் மிகுதியாகக் காதில் விழுகிறது. எழுந்திருக்க முடியாத சோர்வும், பேச விருப்பமின்மையும், முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவதும் அந்நோயின் அறிகுறிகள் என்று செவிலியர் பொறுமையாக விளக்கும்போது, திட்டுவது குறைகிறது. ஒரே நாளில் குறைந்துவிடாது. பலமுறை சொல்ல வேண்டும்.

வேலை மருந்தைப் போலவே முக்கியம். ஆனால் அதற்கும் அளவு உண்டு. சேலத்தில் வெள்ளிக்கொலுசுப் பட்டறைகள் வீட்டோடு வீடாக நடப்பதால், தேறிவரும் ஒருவர் முதலில் இரண்டு மணி நேரம், பிறகு அரை நாள் என்று படிப்படியாகத் தொடங்க வாய்ப்பு இருக்கிறது. விசைத்தறியில் இரவுப்பணி என்றால் செவிலியர் யோசிக்கச் சொல்வார். இருதுருவ நோய் உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது அடுத்த எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். பகல் பணிக்கு மாற்றிக்கொள்ள முதலாளியிடம் பேசுவது, ஒரு மாத்திரையைக் கூட்டுவதைவிடப் பயன் தருவதுண்டு. நோயால் நீண்ட காலம் செயலிழந்தவர்களுக்கு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாற்றுத்திறனாளிச் சான்று பெறவும் உரிமை உண்டு.

நம்பிக்கையும் சட்டமும்

காத்து கருப்பு என்றும், செய்வினை என்றும் நம்பிக் கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை இழிவாகப் பேசும் செவிலியர், அந்தக் குடும்பத்தை அன்றோடு இழந்துவிடுவார். கும்பிடுவதும் மாத்திரை போடுவதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. பூசாரியே "டாக்டரையும் பாத்துட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதன் பலன் மிகப் பெரிது. ஆனால் அடிப்பதையும், பட்டினி போடுவதையும், சங்கிலியால் கட்டுவதையும் எந்த நம்பிக்கையின் பெயராலும் ஏற்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. அதே ஏர்வாடியில் பின்னாளில் தொழுகையோடு மருத்துவமும் கிடைக்கும்படி "தவா-துவா" என்ற ஏற்பாடு வந்தது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. மயக்கமருந்து இல்லாமல் மின்அதிர்ச்சிச் சிகிச்சை கொடுப்பதையும் தடை செய்கிறது. தான் நன்றாக இருக்கும்போதே, மீண்டும் நோய் வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கவும், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்காமல் அரசு பராமரிக்க வேண்டும் என்கிறது. சேலம் சந்திப்பு போன்ற ரயில் நிலையங்களில் மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல், மொழியும் தெரியாமல் அலையும் வெளிமாநிலத்தவரைக் கண்டால், அவரைப் பாதுகாத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது காவல்துறையின் கடமை என்பதும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. பொதுமக்களாகிய நாம் தகவல் சொன்னால் போதும்.

முதல் முறை போகும்போது

வீட்டில் ஒருவருக்கு உதவி தேவைப்படுகிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்கலாம். அல்லது நேராக சேலம் அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்குப் போகலாம். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழிலேயே, எந்த நேரத்திலும் பேசலாம். நோயாளியை "கல்யாணத்துக்குப் போறோம்" என்று பொய் சொல்லி அழைத்துவர வேண்டாம். அந்தப் பொய் வாசலிலேயே உடைந்து, சிகிச்சையின் மீதான நம்பிக்கையையும் உடைத்துவிடும். "ராத்திரியெல்லாம் தூங்காம தவிக்கிற, அதுக்கு ஒரு மருந்து வாங்கலாம் வா கண்ணு" என்பது உண்மை. பெரும்பாலும் அவரும் ஒப்புக்கொள்வார்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: பழைய சீட்டுகள் அத்தனையும், காலியான மாத்திரை அட்டைகள் உட்பட; சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றுக்குப் போடும் மாத்திரைகள்; நாட்டு மருந்தோ சூரணமோ சாப்பிட்டிருந்தால் அதன் பொட்டலம். மறைக்க வேண்டியதில்லை, மருந்துகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளத்தான் கேட்பார்கள். தூக்கம் எப்போது கெட்டது, வேலையை எப்போது விட்டார், தனியே பேசுவது எப்போது தொடங்கியது என்பதை ஒரு தாளில் நாள் வாரியாக எழுதிக்கொண்டால், வரிசையில் கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகாது. அவரோடு கூடவே இருந்து பார்த்தவர் யாரோ, அவரே துணைக்கு வர வேண்டும்.